வாய் நிறைய எண்ணெய்

மார்ச் 3, செவ்வாய்

வைத்தியர் கொடுத்த நோட்டு இது. கோபம் வந்தால் எத்தனை மணிக்கு, யார் மேல், எதற்காக, எவ்வளவு நேரம் இருந்தது என்று எழுத வேண்டுமாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றேன். "கோபத்துக்கு அஞ்சாம் கிளாஸே அதிகம்மா" என்றார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். முதல் நாளே சிரித்துக் காட்டினால் மனிதர்களுக்கு இளக்காரம் வந்துவிடும்.

நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். பித்தம் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது என்றார். இதற்கு நாடி எதற்கு? என் மகனைக் கேட்டிருந்தால் வாசலிலேயே சொல்லியிருப்பான்.

ஒரு தாளும் கொடுத்தார். இடது பக்கம் சேர்க்க வேண்டியவை: நெய், பால், வெள்ளரி, இனிப்பான பழம், கொத்துமல்லி விதை ஊறிய தண்ணீர். வலது பக்கம் தவிர்க்க வேண்டியவை: மிளகாய், ஊறுகாய், புளித்த தயிர், வறுத்தது பொரித்தது, வெறும் வயிற்றில் காப்பி, பசியைத் தள்ளிப்போடுவது, உச்சி வெயில். மருமகள் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். வருகிறவன் போகிறவன் எல்லாம் என் பித்தத்தைப் படிக்கலாம்.

இன்றைய கோபம்: அந்தத் தாளை ஒட்டியதற்கு. மாலை ஐந்தரை. இன்னும் இருக்கிறது.

மார்ச் 4, புதன்

எதற்காக வைத்தியரிடம் போனேன் என்பதை எழுதிவைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

பேத்திக்கு ஒன்பது வயது. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் ரத்தம். டீச்சர் மருமகளைக் கூப்பிட்டு, வீட்டில் யாராவது சத்தம் போடுகிறார்களா என்று கேட்டிருக்கிறாள். சத்தம் போடுவது நான்தான். போன மாதம் மகன் மேல் எறிந்த டம்ளர் அலமாரிக் கண்ணாடியில் பட்டது. பேத்தி பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் மேல் ஒரு சில்லுகூடப் படவில்லை. அதை யாரும் சொல்வதில்லை.

மே மாதம் வேறு வீட்டுக்குப் போகிறோம். அங்கே இரண்டே அறை. ஒன்று மகனுக்கும் மருமகளுக்கும். இன்னொன்றில் இரண்டு கட்டில். பேத்திக்கு ஒன்று, ஒரு பாட்டிக்கு ஒன்று. இங்கே இருப்பதோ இரண்டு பாட்டி. மருமகளின் அம்மா முழங்காலைக் காட்டிக்கொண்டு ஒரு மாதம் என்று வந்தவள், பதினான்கு மாதமாக இருக்கிறாள்.

மருமகள் சாப்பாட்டு மேசையில் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள். "அத்தை, அம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சுதான். பிள்ளை முன்னாடி கத்தாம, கை ஓங்காம யார் இருக்கீங்களோ அவங்க எங்களோட வரலாம். இன்னொருத்தருக்கு முதியோர் இல்லத்துல இடம் பார்த்திருக்கோம். நல்ல இடம்தான்." பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். ஊசி குத்துவதற்கு முன் பேசுகிற குரல் அது.

மகன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஊரார் உள்ளே மாட்டிக்கொண்டால் ஓடிப்போய்க் கதவைத் திறப்பான்.

"எனக்கென்ன, அவங்களே போகட்டும். நான் எங்க கிடந்தாலும் சரி" என்றாள் சம்பந்தி. வெல்லக்கட்டி. நான் அவளுக்கு வைத்த பேர் அது. அவள் கத்த மாட்டாள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மார்ச் 7, சனி

இன்று தாரை. மரப்பலகையில் படுக்கவைத்து, மேலே தொங்குகிற பாத்திரத்திலிருந்து இளஞ்சூடாக எண்ணெய் நெற்றியில் நூல் மாதிரி விழுகிறது. முக்கால் மணி நேரம். எதையும் நினைக்காதீர்கள் என்றார்கள். நானா நினைக்கிறேன், அதுவாக வருகிறது. சேறு கீழே இறங்க இறங்கக் கிணற்றின் அடி தெளிவாகத் தெரியும் இல்லையா, அப்படி.

பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, மாலை நாலு மணி. கல்யாணப் பேச்சுக்காக அவர்கள் வீட்டுக்குப் போனோம். கடையில் வாங்கிய புதுப் படுக்கை விரிப்பு இரண்டு கொண்டுபோனேன், நீலப் பூப்போட்டது. வெல்லக்கட்டி அதைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோய், "ஆஸ்பத்திரி வாசனை வருதே சம்பந்தி" என்று சிரித்தாள். நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள். ஊரார் ரத்தத்தையும் சீழையும் வெளுத்துப் பிள்ளையை வளர்த்தவள். எட்டுப் பேர் சிரித்தார்கள். யார் யார் என்று வரிசையாகச் சொல்வேன். மூன்றாவதாகச் சிரித்தவன் என் மகன்.

எழுந்தபோது உடம்பு பூவாக இருந்தது. வைத்தியர் எப்படி இருக்கிறது என்றார். எல்லாம் தெளிந்துவிட்டது என்றேன்.

மார்ச் 12, வியாழன்

புதிதாக ஒன்று சொல்லிக்கொடுத்தார். கோபம் வருகிறது என்று தெரிந்தவுடன் ஒரு வாய் நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்ள வேண்டும். விழுங்கக் கூடாது, பேசவும் முடியாது. கன்னத்துக்குக் கன்னம் ஆட்டிக்கொண்டே இருந்தால் எண்ணெய் நீர்த்துப்போகும், கூடவே கோபமும் நீர்த்துப்போகும். பிறகு துப்பிவிடலாம்.

மாலை மகன் வந்ததும் வராததுமாக, "ஏம்மா, தண்ணி மோட்டாரைப் போட்டுட்டு மறந்துட்டியா" என்றான். போட்டது அவன் மாமியார். போய் எண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்து அவன் எதிரே நின்றேன். "கேக்கறேன்ல, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றான். பேத்தி பார்த்துவிட்டாள். "அப்பா, பாட்டி கோபத்தைக் கொப்பளிக்கறாங்க" என்றாள். என் இடுப்பைக் கட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த வீட்டில் யாரும் என்னோடு சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

அவள் தூங்கும்போது ஒரு கையைத் தலைக்கு மேலே போட்டுக்கொள்வாள். புது வீட்டில் பக்கத்துக் கட்டிலில் படுத்தால் அந்தக் கையைத் தொடலாம். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மார்ச் 16, திங்கள்

வைத்தியர் நோட்டைக் காட்டச் சொல்கிறார். இதைக் காட்ட முடியுமா? அவருக்கென்று வேறு நோட்டு வாங்கிவிட்டேன். அதில் இன்று மூன்று வரி. "காலை பத்து. சிறு கோபம். நாலு நிமிடம்."

மார்ச் 20, வெள்ளி

இருபது நாள் ஆகப்போகிறது. நான் கத்தவில்லை. ஆனால் வெல்லக்கட்டியும் கத்தவில்லை. இரண்டு பேருமே கத்தாவிட்டால் யாரைக் கூட்டிக்கொண்டு போவாள்? பெற்ற அம்மாவைத்தான். இதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனேன். தாள் கண்ணில் பட்டது. இத்தனை நாளும் இடது பக்கத்தையே படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்று வலது பக்கத்தைப் படித்தேன்.

இதையெல்லாம் விட்டால் கோபம் அடங்குமாம். சரி. அப்படியானால்—

சமையல் என் கையில்தான் இருக்கிறது.

மார்ச் 21, சனி

காலை ஆறு மணிக்கு அவளுக்குக் காப்பி. வெறும் வயிற்றில், கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டியாக. "என்ன சம்பந்தி, இன்னிக்கு நீங்களே கொண்டுவந்துட்டீங்க" என்று கண் கலங்கினாள். "இருக்கட்டும் சம்பந்தி, நமக்கு நாமதானே" என்றேன்.

மார்ச் 26, வியாழன்

மதியச் சாப்பாட்டை இரண்டரைக்குத் தள்ளிவிட்டேன். எனக்குப் பதினொன்றுக்கே நெய் விட்ட கஞ்சி ஆகிவிடும், மருந்து வேளை. அவளுக்குக் குழம்பில் கூட ஆறு மிளகாய். ஊறுகாய் ஜாடியை அவள் கைக்கு எட்டுகிற பக்கம் வைக்கிறேன். அவளுக்கு உயிர் அது, மகள் பார்த்தால் திட்டுவாள் என்று இத்தனை நாள் தொடவில்லை. "நான் சொல்லல, நீங்க சாப்பிடுங்க" என்றேன். குழந்தை மாதிரி சிரித்தாள்.

பன்னிரண்டு மணிக்கு மாடியில் காய்கிற துணியைத் திருப்பிப் போட வேண்டும். லிஃப்ட் கடைசி மாடியோடு சரி, அதற்கு மேல் பதினாறு படி. எனக்கு வெயில் கூடாது, தாளிலேயே எழுதியிருக்கிறது. "நான் போறேன் சம்பந்தி, உங்களுக்கு உடம்பு தேறணும்" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவளே ஏறினாள்.

நான் அனுப்பவில்லை. அவளாகப் போனாள்.

ஏப்ரல் 3, வெள்ளி

வைத்தியர் ரத்த அழுத்தம் பார்த்தார். இப்படி ஒரு உடம்பைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்றார். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் குறைவாம். "மனசுல வஞ்சம் வச்சுக்காதீங்க, அதுதான் பித்தத்துக்கு விறகு" என்றார். தலையாட்டினேன்.

நல்ல மனிதர். வாங்குகிற காசுக்கு மேலாகவே பேசுகிறார்.

ஏப்ரல் 8, புதன்

பால்காரனை வெல்லக்கட்டி "அறிவிருக்கா உனக்கு" என்று கேட்டாள். இந்தப் பதினைந்து மாதத்தில் முதல் முறை. சொல்லிவிட்டு அவளே அதிர்ந்துபோய் நின்றாள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அதனால் இது செல்லாது.

ஏப்ரல் 12, ஞாயிறு

எண்ணெய் தேவைப்படாத நாள். மகன் என்னவோ சொன்னான், எனக்கு எதுவும் ஏறவில்லை. உள்ளே கை விட்டுத் தேடிப் பார்த்தேன். அடுப்பு அணைந்த மாதிரி இருக்கிறது. ஆனால் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. முன்பெல்லாம் நீலப் பூ விரிப்பை நினைத்தால் கை நடுங்கும். இப்போது நடுங்காமல் நினைக்க முடிகிறது. நடுங்குகிற கையால் ஊசியில் நூல் கோக்க முடியாது.

ஏப்ரல் 18, சனி

வெல்லக்கட்டி அடுப்படிக்கு வந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு. "சம்பந்தி, நெஞ்சு எரியுது. தூக்கமே இல்ல. என்னன்னே தெரியல, எதைப் பார்த்தாலும் எரிச்சலா வருது. நேத்து பிள்ளை பென்சிலைத் தட்டிக்கிட்டே இருந்தா, பிடுங்கி எறியலாம்னு இருந்துச்சு. என்னை நினைச்சா எனக்கே பயமா இருக்கு." பிறகு ஃபிரிட்ஜைக் காட்டி, "உங்க தாளைப் பார்த்து நானும் ரெண்டு நாள் சாப்பிடட்டுமா?" என்றாள்.

"அது என் உடம்புக்கு எழுதினது சம்பந்தி. ஒருத்தர் மருந்தை இன்னொருத்தர் சாப்பிட்டா விஷமாயிடும்" என்றேன்.

நம்பினாள். நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளாம், எனக்குத் தெரியுமாம். இப்போது அந்த வாசனை பிடிக்கிறதா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

நடந்துவிட்டது.

வெல்லக்கட்டியிடம் செத்துப்போன புருஷனின் மூக்குக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. தினமும் துடைத்து மேசை மேல் வைப்பாள். மதியம் நான் மேசையைத் துடைத்தபோது அதை எடுத்து நாற்காலியில் வைத்தேன். திரும்ப எடுத்து வைக்கத்தான் நினைத்தேன். நாலரைக்குப் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையோடு தொப்பென்று அதில் உட்கார்ந்தாள்.

சத்தம் கேட்டு வெல்லக்கட்டி நொண்டிக்கொண்டே ஓடிவந்தாள். ஒரு கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது, காது வளைவு தனியாக. "ஏன் எடுத்தே? தாத்தா கண்ணாடியை ஏன் எடுத்து விளையாடினே?" அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"நான் எடுக்கல குட்டிப் பாட்டி, அது இங்கதான் இருந்துச்சு."

"நாற்காலிக்கு அது நடந்தா வந்துச்சு? பொய் வேற சொல்றியா?"

பேத்தி என்னைப் பார்த்தாள். "பாட்டி, நீங்க சொல்லுங்க. நான் எடுக்கலன்னு சொல்லுங்க."

என் வாயில் எண்ணெய் இருந்தது. என்ன செய்ய?

வெல்லக்கட்டி அறைந்தாள். இரண்டு தடவை. இரண்டாவது அடியில் பிள்ளையின் காதுத்தோடு கழன்று விழுந்தது. அப்போதுதான் தெரிந்தது, வாசலில் மருமகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிறாள்.

ஏப்ரல் 25, சனி

மருமகள் கத்தவில்லை. "அம்மா, நான் ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சுன்னு சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். அரை மணி நேரம் தண்ணீர் ஓடியது.

வெல்லக்கட்டி தன் பெட்டியைத் தானே அடுக்கினாள். பேத்தியின் காலடியில் உட்கார்ந்து அவள் பாதத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். "இந்தக் கையை வெட்டிப் போடணும்டா கண்ணு." பேத்தி அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "சம்பந்தி, எனக்கு ஏன் இப்படி ஆச்சு?"

"வயசாயிடுச்சு இல்லையா" என்றேன்.

அவளுடைய பழைய விரிப்பை நான்தான் மடித்துப் பெட்டியில் வைத்தேன். ஓரத்துக்கு ஓரம் ஒட்டி, கசங்காமல். முப்பத்தோரு வருடப் பழக்கம்.

மே 1, வெள்ளி

கோபம் இல்லை. பசி இருக்கிறது. தூக்கம் இருக்கிறது.

மே 17, ஞாயிறு

புது வீடு. அறை நல்ல அறை. இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இடைவெளி. பேத்தியின் தலையணைக்கு மஞ்சள் உறை போட்டு நேற்றே வைத்துவிட்டேன். அவள் வந்து பார்த்தாள். தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய் சோபாவில் போட்டுக்கொண்டாள்.

"புது இடம் இல்லையாம்மா, பழகட்டும்" என்றான் மகன்.

மே 23, சனி

சோபா.

மே 30, சனி

ஏப்ரல் 24 அன்று எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. வைத்தியருக்குத்தான் பொய் நோட்டு, இது எனக்கு. இதிலும் பொய் எழுதினால் பிறகு எங்கே போய் உண்மையைப் பார்ப்பேன்?

அன்று எண்ணெய் முன்பே என் வாயில் இருக்கவில்லை. எனக்குக் கோபமே வரவில்லை, எதற்கு எண்ணெய்? நாற்காலியில் அது நொறுங்கின சத்தத்தைக் கேட்டேன். நொண்டிக்காரியின் காலடிச் சத்தத்தையும் கேட்டேன். அடுப்படிக்குப் போய்ப் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டு வந்து நின்றேன். கழுவுகிற தொட்டி இரண்டு எட்டில் இருந்தது. "நான்தான் வச்சேன்" என்பது இரண்டு வார்த்தை. பிள்ளை கேட்டபோது அவள் உதடு நடுங்கியது, அதையும் பார்த்தேன். அடி விழப்போகிறது என்று தெரியும். விழட்டும் என்றுதான் நின்றேன். பிள்ளை மேல் விழாமல் இருந்தால் அது செல்லாதே.

பேத்தி அதைப் பார்த்திருக்கிறாள். அடுப்படிக் கதவு அந்த நாற்காலிக்கு நேர் எதிரே இருந்தது. இதை நான் இன்றைக்குத்தான் யோசித்தேன் என்று எழுதினால் அதுவும் பொய்.

ஜூன் 6, சனி

வைத்தியர் இனி வர வேண்டாம் என்றார். பூரண குணமாம். வெளியே காத்திருந்த ஒரு பெண்ணிடம் என்னைக் காட்டி, "இந்த அம்மாவைப் பாருங்க, வரும்போது எரிமலை" என்றார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிம்மா சாதிச்சீங்க?" என்றாள். "தாள்ல எழுதினதை ஒண்ணு விடாமப் படிக்கணும்" என்றேன்.

ஜூன் 12, வெள்ளி

பேத்தி இப்போது வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிக்கூடம் விட்டு நேராக இல்லத்துக்குப் போகிறாள். மருமகளும் கூடவே போய்விட்டு ஏழு மணிக்குக் கூட்டிவருகிறாள். அங்கே போய் வந்த நாளெல்லாம் நகம் கடிப்பதில்லை. வெல்லக்கட்டிக்கு அங்கே உப்பில்லாத சாப்பாடாம், நெஞ்செரிச்சல் நின்றுவிட்டதாம், எல்லோரிடமும் சாந்தமாக இருக்கிறாளாம். மருமகள் அம்மாவோடு பேச ஆரம்பித்துவிட்டாள். ஆனால் அவள் இங்கே திரும்பி வருவதைப் பற்றி, இந்தக் கட்டிலைப் பற்றி, இருவரும் பேசுவதில்லையாம். வெல்லக்கட்டிதான் வேண்டாம் என்றாளாம்.

இன்று தலை பின்னிவிடும்போது பேத்தியைக் கேட்டேன். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, பின்னந்தலைதான் தெரிந்தது. அதனால் கேட்க முடிந்தது.

"உன்னை அறைஞ்சவளைத் தேடிப் போற. நான் உன்னை ஒரு அடி அடிச்சிருக்கேனா?"

மடியிலிருந்த ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டாள். பிறகு, "குட்டிப் பாட்டி அடிச்சிட்டு அழுதாங்க" என்றாள்.

"சரி."

"நீங்க பார்த்துட்டு இருந்தீங்க."

அம்மாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்கவில்லை. அவளே சொன்னாள். "அம்மாகிட்ட சொல்லல. சொன்னா உங்களை அனுப்பிடுவாங்க. பாவம்."

ஒன்பது வயது. பின்னல் கோணிவிட்டது. அவிழ்த்துத் திரும்பப் பின்னினேன். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், ஊசி போட்டுக்கொள்கிறவள் மாதிரி.

ஜூன் 14, ஞாயிறு

கோபப்பட்டுப் பார்த்தேன். யாரும் வீட்டில் இல்லாதபோது, நின்றுகொண்டு, பழையதை ஒவ்வொன்றாக எடுத்து. எட்டுப் பேர் சிரித்ததை. டம்ளரை. "பாவம்" என்றதை. வரவில்லை. வந்தால் கத்தியிருப்பேன், கத்தினால் அழுகை வந்திருக்கும். முன்பெல்லாம் அப்படித்தான் வரும்.

ஜூன் 27, சனி

பேத்தி சோபாவில் சரியாகத் தூங்குவதில்லை, கழுத்து வலிக்கிறது என்கிறாள். மருமகள் என் அறை வாசலில் வந்து நின்றாள். "அத்தை, அந்தக் கட்டிலைக் கழட்டிக் கூடத்துல போட்டுடலாமா? உங்களுக்கும் இடம் தாராளமா இருக்கும்."

போடுங்கள் என்றேன்.

மகன் லிஃப்ட் வேலைப் பெட்டியைக் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்து கழற்றினான். பேத்தி மெத்தையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அறை வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். திருகாணி ஒவ்வொன்றாக உருண்டது. "அம்மா, தொலைஞ்சிடப் போகுது, கொஞ்சம் பிடி" என்றான். கையை நீட்டினேன். மொத்தம் எட்டு. கடைசி வரை உள்ளங்கையில் வைத்திருந்து கொடுத்தேன்.